குழிக் கணக்கில் ஒரு திவசம்

ஆம்பூரில் தோல் கம்பெனியை ஒட்டிக் குடியிருந்த சனங்கள் அந்தக் காலத்தில் நாளைக் காலண்டரில் பார்த்ததில்லை, குழியில் பார்த்தார்கள். பச்சைத் தோல் முதலில் சுண்ணாம்புக் குழியில் பன்னிரண்டு நாள் ஊறும். அப்புறம் மயிர் வழித்து, சவ்வு சீவி, கழுவி எடுக்க நாலு நாள். ஆவாரம்பட்டைத் தண்ணீர் விட்ட முதல் பட்டைக் குழியில் ஆறு நாள், இரண்டாம் பட்டைக் குழியில் எட்டு நாள். அதற்கப்புறம் மூன்றாம் குழி. "எம் பொண்ணு மொதப் பட்டையில பொறந்தவ" என்று ஒருத்தி சொன்னால் அந்தத் தெருவில் யாரும் விளக்கம் கேட்க மாட்டார்கள். "சுண்ணாம்புல கல்யாணம் வேணாம், மாப்ள கையெல்லாம் வெந்து கெடக்கும், பட்டைக்கு வந்ததும் வெச்சுக்கலாம்" என்று முகூர்த்தத்தைத் தள்ளிப் போட்டவர்கள் உண்டு.

ஆகவே, முனிரத்தினம் செத்தது என்றைக்கு என்று கேட்டபோது அவர் சம்சாரம் கோவிந்தம்மாள் ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை.

"வருசப் பொறப்பன்னிக்குத் தோலு சுண்ணாம்புல எறங்குச்சு. மூணாங் குழிக்கு மாத்தும்போதுதான் அவரு குழிக்கரையில சாஞ்சாரு" என்றாள்.

தெருவே தலையாட்டியது. பன்னிரண்டும் நாலும் ஆறும் எட்டும் முப்பது. இதில் என்ன சந்தேகம்?

மகன் கோதண்டபாணிக்கு மறுத்துப் பேச வழியில்லை. அவன் பட்டை வண்டிக்காரன். அப்பா சாய்ந்த சமயம் ஜவ்வாது மலை அடிவாரத்தில் ஆவாரம்பட்டை ஏற்றிக்கொண்டிருந்தான். ஆள் போய்த் தேடிக் கூட்டி வருவதற்குள் கருமாதியும் முடிந்து, பந்தலையும் பிரித்துவிட்டார்கள். கொள்ளி வைக்கக் கொடுத்து வைக்கவில்லை. முதல் வருஷத் திவசத்தையாவது நாள் தவறாமல் செய்துவிட வேண்டும் என்று அந்த வருஷம் முழுக்க அவனுக்கு அது ஒன்றுதான் நினைப்பு.

வெள்ளைக்காரனுக்கும் ஜெர்மனிக்காரனுக்கும் சண்டை மூண்டு, பட்டாளத்துக்குப் பூட்ஸ் தைக்க ஆம்பூர்த் தோல் போதாமல் கம்பெனிகள் அலறிக்கொண்டிருந்த சித்திரை அது. கோதண்டபாணி பஞ்சாங்கம் பார்க்கும் வள்ளுவரிடம் போய், மூன்றாம் குழிக் கணக்கைச் சொன்னான். வள்ளுவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி அவனைப் பார்த்தார்.

"தம்பி, நான் நட்சத்திரம் பாப்பேன், கெரகம் பாப்பேன். குழி எந்த வீட்டுல நிக்குதுன்னு எம் பஞ்சாங்கத்துல இல்லியே!"

"வருசப் பொறப்புலேருந்து முப்பது நாளுங்க."

"அப்படித் தமிழுல சொல்லு" என்று போன வருஷத்துப் பஞ்சாங்கத்தைத் தூசி தட்டி எடுத்து, விரல் விட்டு எண்ணி, "சித்திரை முப்பத்தொண்ணு. தேய்பிறை சதுர்த்தி" என்று தீர்த்துச் சொன்னார். இந்த வருஷம் சித்திரை இருபதாம் தேதி அந்தத் திதி வந்தது.

முனிரத்தினத்துக்குத் திவசம் செய்வது சாமானியப்பட்ட காரியமில்லை. மற்ற மனிதர்களுக்கு ஓர் இலை போட்டால் போதும். அவர் சாப்பாட்டு விஷயத்தில் ஊர் அறிந்த ஆள். விரிஞ்சிபுரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய் முதல் பந்தியில் உட்கார்ந்தவர், மூன்றாம் பந்தி எழுந்திருக்கும்போதுதான் இலையை மடித்தார். அதுவும் பக்கத்தில் இருந்தவர் "போதுமாண்ணே?" என்று கேட்டுவிட்டதால் வந்த கூச்சம். சமையல்காரர் கரண்டியும் கையுமாக வெளியே வந்து அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, அன்றோடு சமையலை விட்டுப் போளூர்ப் பக்கம் மாட்டு வியாபாரம் செய்யப் போய்விட்டார். இப்போதும் அவர் பேரன்கள் மாட்டு வியாபாரந்தான் செய்கிறார்கள். சந்தேகம் இருப்பவர்கள் போய்க் கேட்டுக்கொள்ளலாம்.

அப்படிப்பட்டவருக்குக் கோவிந்தம்மாள் ஒன்றும் குறை வைக்கவில்லை. விடியக்காலம் எழுந்து, கேழ்வரகுக் களி கிண்டி, கருவாட்டுக் குழம்பு வைத்து, அரிசிச் சோறு, மொச்சை, முருங்கைக்கீரை, வடை என்று மூன்று இலைகளைச் சேர்த்துப் போட்டு நிரப்பினாள். கோதண்டபாணி கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டான். கும்பிட்டு எழுந்தபோது நெஞ்சு லேசாக இருந்தது. ஒரு வருஷமாகத் தூக்கிக்கொண்டு திரிந்ததை இறக்கி வைத்த மாதிரி.

அந்த லேசு பந்தி உட்கார்ந்து ரசத்துக்கு வரும்வரை நீடித்தது.

ஆரோக்கியசாமியையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். முனிரத்தினத்தோடு பதினெட்டு வருஷம் ஒரே குழியில் நின்றவர், அவருக்குத் தம்பி மாதிரி. முழங்காலுக்குக் கீழே இரண்டு கால்களும் பட்டைத் தண்ணீரில் ஊறி ஊறிக் காப்பிக்கொட்டை நிறத்தில் இருக்கும். அவர் வடையைப் பிட்டுக்கொண்டே சொன்னார்:

"நானும் அண்ணனுக்காக மாதா கோயில்ல பூசைக்குச் சொல்லி வெச்சுட்டேன் அண்ணி. மே அஞ்சாந்தேதி. அன்னிக்குத்தானே அண்ணன் போனாரு."

"போன வருசம் மே அஞ்சுன்னா தமிழுக்கு இன்னா தேதி சித்தப்பா?" என்று கோதண்டபாணி சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டான்.

"சித்திரை இருபத்திரண்டு."

"முப்பத்தொண்ணு" என்றாள் கோவிந்தம்மாள், ரசக் கரண்டியோடு.

"இல்ல அண்ணி, இருபத்திரண்டு. எங்க சாமியாரு எழுதியே வெச்சிருக்காரு."

"உங்க சாமியாரு குழியில எறங்கினாரா? வருசப் பொறப்புக்குச் சுண்ணாம்பு. பன்னெண்டு, நாலு, ஆறு, எட்டு. மூணாங் குழி. முப்பது நாளு ஆவுதா இல்லியா?"

ஆரோக்கியசாமி வாயில் இருந்த வடையை மென்று விழுங்கினார். பிறகு, சொல்லலாமா வேண்டாமா என்று தயங்குகிறவர் மாதிரி, மெதுவாகச் சொன்னார்.

"அது ஊர்க் குழிக்கு அண்ணி. அண்ணன் குழிக்கு அந்தக் கணக்கு ஏது?"

முனிரத்தினம் வீட்டில் சாப்பாட்டைத் தவிர வேறெதையும் பேசியதில்லை. அதனால் கோவிந்தம்மாளுக்கு இது புதுசு. ஆரோக்கியசாமி விவரம் சொன்னார். எல்லாருடைய சுண்ணாம்பும் பன்னிரண்டு நாள் என்றால் முனிரத்தினத்தின் சுண்ணாம்பு எட்டே நாள். குழிக்கரையில் குந்தி, ஒரு விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பார். "எடுடா" என்பார். எடுத்துப் போட்டால் மயிர் வழிக்கக் கத்தியே தேவைப்படாது, வாயால் ஊதினால் பறக்கும். கழுவ மூன்று நாள். முதல் பட்டை நாலு, இரண்டாம் பட்டை ஆறு. மொத்தம் இருபத்தொன்று.

"மெட்ராஸ்லேருந்து ஒரு தொரை இதக் கேள்விப்பட்டு வந்தான். கடியாரம், கண்ணாடிக் குழாய் எல்லாம் எடுத்துக்கினு மூணு நாளு அண்ணன் பக்கத்துலயே நின்னான். அண்ணன் விரல நாக்குல வெச்சா அவனும் வெச்சான். சுண்ணாம்பு சும்மா உடுமா? நாக்கு பொத்துப்போச்சு. ஒருநாளு அண்ணன், 'தொரே, இந்தக் குழியில எட்டாவது தோலு கணியம்பாடி ஆடு, அது இன்னும் அர நாளு கேக்குது'ன்னாரு. எடுத்துப் பாத்தா வாலாண்ட கணியம்பாடி வியாபாரி அடையாளத்துக்குப் போட்ட துளை. தொரை தொப்பியக் கழட்டிட்டுப் போனவன்தான், அப்புறம் தோல் பக்கமே வரலியாம். நீலகிரியில ரோசாப்பூ போடறானாம்."

வேறு நாளாக இருந்தால் அந்தப் பேச்சுக்கு எல்லாரும் சிரித்திருப்பார்கள். கோதண்டபாணிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஊரே ஒரு கணக்கில் போய்க்கொண்டிருக்க, அப்பா தனியாக ஒன்பது நாள் முன்னால் நடந்துகொண்டிருந்திருக்கிறார். சாகும்போதும் அப்படியேதான் போயிருக்கிறார். பின்னால் வந்தவர்களுக்குத்தான் எட்டிப் பிடிக்க முடியவில்லை.

கோவிந்தம்மாள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அப்போ ஒம்போது நாளைக்கு முன்னாடியே அவரு வந்துட்டாரா?"

ஆரோக்கியசாமி மிச்ச வடையை இலையிலேயே வைத்தார்.

"வாசல்ல வந்து நின்னு பாத்திருப்பாரு. எலையும் இல்ல, அடுப்பும் எரியல. அன்னிக்கு நான் பழைய சோறு தின்னுட்டுப் படுத்துக்கினு கெடந்தேன். பசி பொறுக்காத மனுசன்." அவள் குரல் உயரவில்லை. "ஒரு வருசம் கழிச்சு ஒரே ஒரு நாளு வர்றாரு. அந்த ஒரு நாளும் பட்டினியா அனுப்பிட்டேன்."

மூன்று இலைகளையும் அப்படியே மடித்து எடுத்து மாட்டுக்கு வைத்தாள். உள்ளே போய்ச் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்துவிட்டாள். தண்ணீர்கூடத் தொடவில்லை.

கோதண்டபாணி வள்ளுவரிடம் ஓடினான். அவர் மறுபடியும் எண்ணிப் பார்த்து, "வளர்பிறை தசமி. போயே போச்சு. வர்ற அமாவாசையில படைச்சா ஏத்துக்குவாரு, சாஸ்திரத்துல எடமிருக்கு" என்றார். வீட்டுக்கு வந்து சொன்னான்.

"சாஸ்திரத்துல எடம் இருக்கும்டா. உங்கப்பன் வயித்துலயும் எடம் இருக்கும். அதான் எனக்கு வவுத்தெரிச்சல்" என்றாள் கோவிந்தம்மாள். "அவரு பசியோட போனாரா, சாப்ட்டுப் போனாரா? அதச் சொல்லு. சொன்னீன்னா நான் சாப்புடறேன்."

செத்தவர் சாப்பிட்டாரா என்று யாரிடம் போய் விசாரிப்பது? ஆரோக்கியசாமி வாசலில் நின்று, "பூசையில பேரு சொல்லுவாங்க அண்ணி, கஞ்சியும் ஊத்தறோம்" என்று சமாதானம் சொல்லிப் பார்த்தார். "உங்க கோயில் எந்தத் தெருவுலன்னு அவருக்குத் தெரியுமா? அவருக்குத் தெரிஞ்சது வீடு, கம்பெனி, கள்ளுக்கடை" என்று சுவரைப் பார்த்தபடியே பதில் வந்தது. கள்ளுக்கடையில் படையல் போட்டிருக்க வாய்ப்பில்லை. ஆரோக்கியசாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

மறுநாள் காலையிலும் அவள் அடுப்பு மூட்டவில்லை. கோதண்டபாணி, வண்டிக்கு இரண்டு நாள் லீவு கேட்பதற்காகக் கம்பெனிக்குப் போனான். முதலாளி அப்துல் வஹாப் காய்ந்த தோல்களை வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாடா மூஞ்சி இப்படி இருக்குது? மாடு படுத்துக்கிச்சா?"

கோதண்டபாணி சொன்னான். குழிக் கணக்கு, ஒன்பது நாள், மடித்த இலை, எல்லாம். அப்துல் வஹாப் கையில் இருந்த தோலைக் கீழே வைத்தார்.

"உங்க சித்திரையும் தெரியாது, தசமியும் தெரியாது எனக்கு. எங்கம்மாவுக்குத் தெரிஞ்சது பிறைதான். உங்கப்பாரு மவுத்தானது ஜமாதுல் ஆகிர் மாசம், பிறை ஒம்போது. இந்த வருசம் அதே பிறைக்குப் பெரிய தேக்சாவுல சோறு ஆக்கி, கேட்டாண்டயே வெச்சு, அவரு பேரச் சொல்லி ஊருக்குப் போட்டாங்களே! நீ பட்டைக்குப் போயிருந்தே."

"அது என்னிக்குங்க பாய்?"

அப்துல் வஹாப் விரல் விட்டார். கோதண்டபாணியும் விட்டான். இரண்டு பேர் விரலும் ஒரே இடத்தில் வந்து நின்றது. திவசத்துக்கு ஒன்பது நாள் முன்னால். வள்ளுவரின் தசமியும், பிறை கண்ட நாளிலிருந்து முதலாளியின் அம்மா ஹலீமா பீ எண்ணிய ஒன்பதும் ஒரே நிலாதான் என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. வானத்தில் இருப்பது ஒன்றுதான். அதைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள்தான் வேறு வேறு.

"உங்கம்மாவுக்கும் ஆளு அனுப்பினோம்டா. 'அவரு நாளு இன்னும் வரல, நீ வேற வூட்டுக்குச் சொல்ல வேண்டியத எங்கிட்ட சொல்றே, போ'ன்னு தொரத்திட்டாங்களாம்."

கோதண்டபாணி வீட்டுக்கு ஓடினதில் மேல்துண்டு வழியில் விழுந்தது. அதை அவன் மறுநாள்தான் தேடினான். மூச்சிரைக்கச் சொன்னான். கோவிந்தம்மாள் சுவரை விட்டுத் திரும்பினாள். முகத்தில் நம்பிக்கை இல்லை.

"நான் சாப்புடணும்னு நீயா கட்டிச் சொல்றே."

"சத்தியமா இல்லம்மா."

"உங்கப்பனும் சத்தியம் பண்ணித்தான் சொல்லுவாரு, எல்லாத்தையும்." அவள் எழுந்தாள். புடவையை உதறிக் கட்டினாள். "நானே கேட்டுக்கறேன்."

முப்பது வருஷத்தில் அவள் கம்பெனி கேட்டைத் தாண்டி உள்ளே போனதில்லை. குழிகளை ஒட்டி முதலாளி வீட்டின் பின்சுவர். அதில் ஒரு சின்னக் கதவு. அதன் வழியாகத்தான் ஹலீமா பீ மத்தியானந்தோறும் குழி ஆட்களுக்குக் குழம்பு கொடுத்தனுப்புவாள். கோவிந்தம்மாள் அந்தக் கதவு வழியே உள்ளே போனாள். ஆண்பிள்ளை போகக் கூடாத இடம். கோதண்டபாணி வெளியே, அப்பா நின்ற குழிக்கரையிலேயே குந்திக்கொண்டான். பட்டைத் தண்ணீரின் துவர்ப்பு வாசனை குப்பென்று அடித்தது. உள்ளே பேசுவது தெளிவாகக் கேட்டது.

"நீதான் கோவிந்தம்மாவா? வா, உக்காரு" என்றது ஒரு வயசான குரல்.

"உக்கார வரலம்மா. ஒண்ணு கேக்கணும். பிறை ஒம்போதுக்கு நெசமா அவரு பேருல சோறு போட்டீங்களா?"

"போடாம? இருபது வருசம் எனக்கு உப்பு சொன்ன மனுசன்!"

அது என்னவென்று கோவிந்தம்மாளுக்கு விளங்கவில்லை. ஹலீமா பீ சொன்னாள். உள்ளே அடுப்பில் குழம்பு கொதிக்கும்போதே, சுவருக்கு அந்தப் பக்கம் குழியில் நின்றுகொண்டு முனிரத்தினம் குரல் கொடுப்பாராம். "அம்மா, இன்னிக்கு உப்பு ஒரு கல்லு கம்மி!" வாயில் வைத்துப் பார்த்தால் ஒரு கல் குறைவாகத்தான் இருக்கும். "அம்மா, இன்னிக்கு ஜாஸ்தி, ஒரு உருளைக்கெழங்கு போடுங்க!" அதுவும் சரியாக இருக்கும். உப்புக்கு வாசனை கிடையாது என்பார்கள். அப்படிச் சொல்கிறவர்கள் முனிரத்தினத்தைப் பார்த்ததில்லை. அதிலும், சுண்ணாம்பும் பச்சைத் தோலும் நாறுகிற நாற்றத்தில், வெளியூர்க்காரன் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடுகிற இடத்தில் நின்றுகொண்டு.

"எங்க வூட்டுக்காரரு முகத்தப் பாத்து ருசி சொல்ல மாட்டாரு. ஒரு தரம்கூட. சொவருதான் சொல்லும்" என்றாள் ஹலீமா பீ. "இப்போ ஒரு வருசமா எங்க வூட்டுல உப்பு சரியில்ல. எம் பையன் பேசாம தின்னுட்டுப் போறான்."

வெளியே கோதண்டபாணி குழிக்குள் பார்த்தான். பழுப்புத் தண்ணீரில் அசைவே இல்லை. இவ்வளவு பெரிய மனிதரோடு ஒரே கூரையின் கீழ் இருபத்தாறு வருஷம் தூங்கி எழுந்திருக்கிறோமே, ஒன்றும் தெரியவில்லையே என்று நினைத்துக்கொண்டான்.

"சோறு எவ்ளோ ஆக்குனீங்க?" கோவிந்தம்மாளின் குரல், விசாரணை மாதிரி.

"நாப்பது பேருக்கு. வந்தவங்க இருபத்து மூணு பேரு. எண்ணித்தான் உக்கார வெச்சான் பையன். மிச்சத்தப் பள்ளிவாசலுக்கு அனுப்பலாம்னு தேக்சாவத் தொறந்தா ஒரு பருக்க இல்ல! அடியில ஒட்டினதுகூட இல்ல, வழிச்சு வெச்சாப்ல இருக்குது. சமையக்காரன் குரான் மேல சத்தியம் பண்றான், நான் எடுக்கலன்னு. பாவம், அவன இன்னும் சந்தேகமாத்தான் பாக்கறாங்க."



"அவன ஒண்ணும் சொல்லாதீங்க" என்றாள் கோவிந்தம்மாள். "அவன் எடுக்கல."

"நானும் அதான் நெனச்சேன்" என்றாள் ஹலீமா பீ. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "இருபது வருசமாக் கொரலத்தான் கேட்டிருக்கேன். ஒரு தடவ பாத்ததில்ல. எப்படி இருப்பாரு உங்க வூட்டுக்காரரு?"

முனிரத்தினம் ஐந்தடிக்கு இரண்டு விரற்கடை குறைவு. குழியில் இறங்கினால் தலைப்பாகை மட்டும்தான் வெளியே தெரியும். தோல் மாற்றும்போது அவரையும் சேர்த்து மாற்றிவிடாதீர்கள் என்று கூட்டாளிகள் கேலி பேசுவார்கள். ஒல்லி. இடது கண் கொஞ்சம் சிறுத்திருக்கும். இதெல்லாம் கோதண்டபாணிக்குத் தெரியும், கோவிந்தம்மாளுக்கு அதைவிட நன்றாகத் தெரியும். செத்த நாளிலிருந்து அவர் பார்க்க எப்படி இருந்தார் என்று அவள் யாரிடமும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

"நல்ல ஒசரம்மா" என்றாள் கோவிந்தம்மாள். "எங்க வூட்டு வாசப்படியில குனிஞ்சுதான் நொழைவாரு. ரெண்டு தோளும் நெலைப்படியில இடிக்கும். ஒக்காந்தா எதிர்ல இருக்கற சொவரு தெரியாது. பாலாத்துல வெள்ளம் வந்தா நடுவுல நின்னு, அக்கரைக்கு ஆளுங்கள ஒவ்வொருத்தரா எடுத்து வெப்பாரு."

"அல்லா!" என்றாள் ஹலீமா பீ.

"கையி அகலம் மொறம் மாதிரி இருக்கும். ஆனா எங் கையப் புடிச்சா வலிக்காது."

கோதண்டபாணி குழிக்கரையில் குந்தியபடியே கேட்டுக்கொண்டிருந்தான். தன் வீட்டு வாசற்படியை மனசுக்குள் ஒரு தரம் பார்த்தான். அது ரொம்பவும் தாழ்வாகத்தான் இருந்தது. அந்த மனிதர் ஒவ்வொரு நாளும் அதில் எப்படித்தான் குனிந்து நுழைந்தாரோ என்று மலைப்பாக இருந்தது.

உள்ளே தட்டு வைக்கிற சத்தம் கேட்டது.

"ரெண்டு நாளாப் பட்டினின்னு பையன் சொன்னான். சாப்புடு" என்றாள் ஹலீமா பீ. "காலையில ஆக்குனது."

கோவிந்தம்மாள் உட்காரும் சத்தம். வளையல் சத்தம் இல்லாமல் சோறு பிசையும் கை. ஒரு கவளம். இன்னொன்று.

"உப்பு எப்படி இருக்குது?" என்று ஹலீமா பீ கவலையோடு கேட்டாள்.

கோவிந்தம்மாள் மென்றுகொண்டே கொஞ்சம் யோசித்தாள்.

"ஒரு கல்லு கம்மி" என்றாள். "இருந்தாலும் சோறு இன்னும் போடுங்க."